“எப்ப ப்ரோ சண்டை வரும்?” – மீன்மனிதர் தீவின் ஏழு அத்தியாயங்களும் நம் பொறுமையும்

மாங்கா படிக்கிற, அனிமே பார்க்கிற தோழர்களிடம் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. ஃபிளாஷ்பேக் தொடங்கிய உடனே தள்ளிவிடுவது. “ரொம்ப இழுக்குறான் ப்ரோ, எப்ப சண்டை வரும்?” என்பது கேள்வி. “இதையெல்லாம் ரெண்டு பக்கத்துல சொல்லியிருக்கலாம்” என்பது தீர்ப்பு. எய்ச்சிரோ ஓடாவின் ‘ஒன் பீஸ்’ பற்றிப் பேச்சு வந்தால் இந்தத் தீர்ப்பு அதிகம் விழுவது மீன்மனிதர் தீவுக் கதையின்மேல். அதிலும் ஜின்பே சொல்லும் அந்த நீண்ட பழங்கதையின்மேல்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அந்த ஃபிளாஷ்பேக் நீளம் என்பவர்களுக்கு என் பதில்: அது நீளமாக இருப்பதால்தான் வேலை செய்கிறது. அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது தோற்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் ஓடா இழுக்கவில்லை, அவசரப்பட்டார். அந்த அவசரத்தின் அரசியலைப் பற்றி நம்மிடையே யாரும் பேசுவதில்லை.

(இன்னும் படிக்காதவர்கள் கவனிக்க: கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன்.)

“கார்ட்டூனுக்கு இவ்வளவு பேச்சா?” என்று கேட்கும் மூத்த தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் சுதந்திர தினத்தையொட்டி இளைஞர்கள் ஒன் பீஸின் வைக்கோல் தொப்பி மண்டையோட்டுக் கொடியை ஏற்றினார்கள், அரசு பதறியது. அடுத்த மாதம் நேபாளத்தில் ஆட்சியைக் கவிழ்த்த போராட்டத்தில் அதே கொடி பறந்தது. ஒரு தலைமுறை தன் அரசியல் சொற்களை இங்கிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கொடியை எடுப்பவர்கள் கதையை முழுதாகப் படித்திருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமா?

முதலில் கதையின் கணக்கைப் பார்ப்போம். 1997 முதல் ஷோனென் ஜம்ப் வார இதழில் வந்துகொண்டிருக்கும் தொடர் இது. மீன்மனிதர் தீவுக் கதை சுமார் ஐம்பது அத்தியாயங்கள். அதில் இந்தப் பழங்கதை ஏழு அத்தியாயங்கள் அளவுக்கு ஓடுகிறது. 2011-ல் வந்த 63-ஆம் தொகுதிக்கு ‘ஒட்டோஹிமேவும் டைகரும்’ என்றே தலைப்பு. ஐம்பதில் ஏழு. மீதி நாற்பத்துச் சொச்சத்தில் விருந்து, துரத்தல், நகைச்சுவை, சண்டை எல்லாம் இருக்கின்றன. பல நூறு ஆண்டு அடிமை முறையைச் சொல்ல ஏழில் ஒரு பங்கு அதிகம் என்கிறார்கள்.

அந்த ஏழில் என்ன இருக்கிறது? கடலுக்கு 10,000 மீட்டர் அடியில் வாழும் மீன்மனிதர்களையும் கடற்கன்னியரையும் உலக அரசு 200 ஆண்டுகளுக்கு முன்புவரை மீன் இனத்தில்தான் சேர்த்திருந்தது. நட்பு நாடு என்று அறிவித்த பிறகும் சபாவோடித் தீவுக்கூட்டத்தில் அவர்களைப் பிடித்து விற்கும் கடைகள் நடக்கின்றன. ஃபிஷர் டைகர் என்ற மீன்மனிதர் வெறுங்கையால் செங்குத்து மலையேறி, ஆளும் செலஸ்டியல் டிராகன்களின் ஊரான மேரி ஜோவாவுக்குள் புகுந்து அடிமைகளை விடுவிக்கிறார். மீன்மனிதர்களை மட்டும் என்றில்லை, அங்கே கிடந்த மனித அடிமைகளையும் சேர்த்து. அடிமைகளின் முதுகில் சுடப்பட்ட குளம்பு முத்திரையை மறைக்க, அதன்மேல் சூரியன் முத்திரையைச் சுட்டுக்கொள்கிறது அவருடைய கப்பல் கூட்டம். இன்னொரு பக்கம் அரசி ஒட்டோஹிமே. மேலே சூரிய ஒளியில் வாழும் உரிமை கேட்டு மக்களிடம் கையெழுத்து வாங்குகிறார். டைகர் செத்துப்போகிறார். ஒட்டோஹிமே சுடப்படுகிறார்.

இப்படி ஒரு பத்தியில் சொல்லிவிடலாம்தான். நான் இப்போது சொல்லிவிட்டேன். உங்களுக்கு ஏதாவது ஆனதா? ஒன்றும் ஆகியிருக்காது. தகவல் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். “ரெண்டு பக்கத்துல சொல்லியிருக்கலாம்” என்பவர்களுக்கு இதுதான் பதில்.

கோவாலா என்ற சிறுமியை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமையாக இருந்து தப்பிய மனிதக் குழந்தை. டைகரின் கப்பலில் அவளை ஏற்றுகிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். யாரும் சொல்லாமலே தரையைத் துடைக்கிறாள். ஆர்லாங் அடிக்கிறான், அப்போதும் அந்தச் சிரிப்பு போகவில்லை. முதலில் பார்க்கும்போது நமக்கு எரிச்சல்கூட வரும். அடுத்த பக்கத்தில் இன்னொரு முறை அதே சிரிப்பு. பிறகு இன்னொரு முறை. அப்போதுதான் புரிகிறது, அது சிரிப்பே கிடையாது. அழுதால் கொன்றுவிடுவார்கள், வேலையை நிறுத்தினால் கொன்றுவிடுவார்கள் என்று உடம்பு கற்றுக்கொண்ட பாடம். அந்தச் சிரிப்பை ஒரே கட்டத்தில் வரைந்து பக்கத்தில் விளக்கம் எழுதியிருந்தால் நமக்கு ஒரு செய்தி கிடைத்திருக்கும். மூன்று, நான்கு முறை பார்க்க வைத்ததால் நாமே அந்தக் கப்பலில் நின்று அவளைத் தவறாகப் புரிந்துகொண்டோம். பிறகு நாமே திருத்திக்கொண்டோம். உணர்ச்சி முதலீடு என்று விமர்சகர்கள் சொல்வது இதைத்தான். அதற்குப் பக்கங்கள் செலவாகும்.

டைகரின் ரகசியமும் அப்படித்தான். அவரே அடிமையாக இருந்தவர் என்பதை ஓடா தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் வீரனாகக் காட்டுகிறார், பிறகு தலைவனாக, பிறகு யாரையும் கொல்லாதே என்று தன் ஆட்களைத் தடுப்பவராக. கோவாலாவை அவள் ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அந்த ஊராரே காட்டிக்கொடுக்கிறார்கள். கடற்படை சுடுகிறது. கைப்பற்றிய கப்பலில் ரத்தம் இருக்கிறது, ஆனால் மனித ரத்தம். ஏற்ற மறுக்கிறார். அப்போதுதான் சொல்கிறார், தானும் அங்கே அடிமையாகக் கிடந்தவன் என்று. அந்த நொடியில் முந்தைய பக்கங்கள் அத்தனையும் வேறு கதையாக மாறுகின்றன. கொல்லாதே என்று அவர் சொன்னது பெருந்தன்மை என்று நினைத்திருந்தோம். அது தனக்குள் எரிந்துகொண்டிருந்ததை அடக்க அவர் போட்ட பூட்டு. தலைவராக நம்பி அவரோடு சில காலம் வாழ்ந்த வாசகனுக்குத்தான் இந்த அதிர்ச்சி வரும். தள்ளிவிட்டுப் போனவனுக்கு “ஓ, இவனும் அடிமையா” என்ற தகவல் மட்டும் மிஞ்சும்.

யார் கேட்க இந்தக் கதை சொல்லப்படுகிறது என்பதையும் பாருங்கள். ஜின்பே சொல்கிறார், கேட்பவர்களில் ஒருத்தி நாமி. அவளுடைய கிராமத்தை எட்டு ஆண்டுகள் மிரட்டிக் கப்பம் வாங்கியவன், அவளை வளர்த்த தாயைக் கொன்றவன், அதே ஆர்லாங். ஆர்லாங் எங்கிருந்து வந்தான், அவன் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை ஆர்லாங்கால் பாதிக்கப்பட்டவளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘அவனும் பாவம்தான்’ என்று ஒரு வரியில் சொன்னால் அது அவளுக்குச் செய்கிற அவமானம். அவள் பட்டதைக் குறைக்காமல், அவன் வந்த இடத்தை மறைக்காமல் சொல்வதற்கு நேரம் வேண்டும். நம் கூட்டங்களில் இரண்டு தரப்பு காயங்களை ஒரே மேடையில் பேச முயன்ற தோழர்களுக்கு இது தெரியும். ஐந்து நிமிடத்தில் முடியாது.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். நல்ல எதிர்வாதம்தான். “லூஃபியே ஃபிளாஷ்பேக் கேட்கமாட்டான். ஆர்லாங் கதையில் நாமியின் கடந்த காலத்தைச் சொல்ல வந்தபோது, எனக்கு அதில் ஆர்வமில்லை என்று எழுந்து நடந்து போனவன் அவன். கதாநாயகனே தள்ளிவிடும்போது நான் தள்ளிவிட்டால் என்ன?”

லூஃபி போனதற்குக் காரணம், தோழியோடு நிற்க அவளுடைய கண்ணீர்க் கதை அவனுக்குத் தேவைப்படவில்லை. உன் வேதனையை முதலில் நிரூபி, பிறகு உதவுகிறேன் என்று அவன் கேட்கவில்லை. அந்தக் குணத்தை நான் மதிக்கிறேன். வன்கொடுமைக்கு ஆளானவரை நூறு முறை சொல்ல வைத்துச் சலித்துப்பார்க்கும் காவல் நிலையங்களையும் தொலைக்காட்சிகளையும் பார்த்த நமக்கு அதன் அருமை தெரியும். ஆனால் லூஃபி கதை கேட்காமல் போய் ஆர்லாங்கின் கோட்டையை இடித்தான். நீங்கள் கதை கேட்காமல் போய் அடுத்த எபிசோடைப் பார்க்கிறீர்கள். இரண்டும் ஒன்றா? இன்னொன்று, லூஃபி எழுந்து போன பிறகும் ஓடா அந்தக் கதையை நமக்குச் சொன்னார். கதாநாயகனை அனுப்பிவிட்டு வாசகனை உட்கார வைத்தார்.

அடுத்த குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. அனிமேயில் பார்த்தவர்களுக்கு அலுப்பு வந்தது உண்மை. 1999 முதல் வாரந்தோறும் ஓடிய அந்தத் தொடர், மாங்காவை முந்திவிடக் கூடாது என்பதற்காகப் பல இடங்களில் ஒரு அத்தியாயத்தை ஒரு முழு எபிசோடாக இழுத்தது. ஒரே முகத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவது, போன வாரம் பார்த்ததையே மறுபடி போடுவது, அதிர்ச்சியான முகங்களை வரிசையாக நிறுத்துவது. ஐம்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகளில் ஓடிய இந்தக் கதையை, 2024 நவம்பரில் தொடங்கி 21 எபிசோடுகளாக வெட்டித் தொகுத்து அவர்களே மறுபடி ஒளிபரப்பினார்கள். எவ்வளவு தண்ணீர் கலந்திருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் நீளம் வேறு, இழுவை வேறு. நீளம் என்றால் ஒவ்வொரு பக்கமும் நமக்குத் தெரிந்ததில் ஏதாவது ஒன்றை மாற்றும். இழுவையில் நேரம் போகும், ஒன்றும் மாறாது. கோவாலாவின் மூன்றாவது சிரிப்பு முதல் சிரிப்பின் பொருளை மாற்றுகிறது, அது நீளம். அதே சிரிப்பை அனிமே பத்து விநாடி நிறுத்திப் பின்னணி இசை போட்டால் அது இழுவை. மாங்காவில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசகன் கையில் இருக்கிறது. அந்த உரிமையை ஒரு ஒளிபரப்பு அட்டவணை பறித்துக்கொண்ட கோபத்தை, ஒடுக்கப்பட்டவர்களின் வரலாற்றின்மேல் காட்டாதீர்கள். கடையில் பால் தண்ணியாக இருந்தால் கடைக்காரனைக் கேளுங்கள், மாட்டைத் திட்டாதீர்கள்.

மூன்றாவது குற்றச்சாட்டு: “அழ வைக்கத்தான் இதெல்லாம். உணர்ச்சிப் பிச்சை.” 2023 கடைசியிலிருந்து 2024 தொடக்கம்வரை எட்டு அத்தியாயங்கள் ஓடிய குமாவின் பழங்கதையின்மேல் இது இன்னும் பலமாக வந்தது. பிறவியிலேயே அடிமை இனம் என்று முத்திரை குத்தப்பட்டவன் குமா. அவன் தந்தை ஒரு விடுதலைக் கதையை மகனுக்குச் சொன்னதற்காகவே கொல்லப்படுகிறார். பிறகு காதலித்தவளை இழக்கிறான், வளர்த்த மகளின் நோய்க்காகத் தன் உடலையும் கடைசியில் தன் மனத்தையும் எழுதிக் கொடுக்கிறான். துன்பத்தின்மேல் துன்பம் அடுக்கப்படுவது உண்மைதான். ஆனால் 2008 வாக்கில் சபாவோடியில் லூஃபியின் கூட்டத்தை ஒவ்வொருவராக மறையச் செய்த எந்திரமாகத்தான் நாம் இந்தக் குமாவைப் பார்த்திருந்தோம். பதினைந்து ஆண்டுகள் வில்லனென்று வெறுத்தோம் அல்லது மர்மமென்று வியந்தோம். அந்தப் பதினைந்து ஆண்டுத் தவறான பார்வையைத் திருப்பிப் போட எட்டு அத்தியாயம் அதிகமில்லை.

கண்ணீர் வந்ததா என்பது என் அளவுகோல் கிடையாது. கண்ணீர் வந்த பிறகு யார்மேல் கோபம் வந்தது என்பதே அளவுகோல். ஒரு ஃபிளாஷ்பேக் “ஐயோ பாவம்” என்பதோடு நம்மை அனுப்பிவிட்டால் அது பிச்சைதான். “இதைச் செய்தது யார், இன்னும் ஆள்வது யார்” என்று கேட்க வைத்தால் அது கணக்குக் கேட்பது. குமாவின் கதை கணக்குக் கேட்கிறது. கைநீட்டிக் காட்டுவது செலஸ்டியல் டிராகன்களை, அவர்களைத் தாங்கும் உலக அரசை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மீன்மனிதர் தீவுக்குத் திரும்புவோம். இங்கேதான் ஓடாவோடு எனக்குச் சண்டை.

ஏழு அத்தியாயங்கள் நாம் கட்டிய உணர்ச்சி முதலீடு எங்கே போய்ச் சேர்கிறது? ஃபிளாஷ்பேக் முடிந்ததும் நிகழ்காலத்தில் அடி வாங்குவது யார்? செலஸ்டியல் டிராகன் ஒருவன்கூட இல்லை. ஆள்பிடித்து விற்ற கடைக்காரனும் இல்லை. ஹோடி ஜோன்ஸ் என்ற மீன்மனிதன். மனிதர்கள்மேல் வெறுப்பை வளர்த்து, தன் அரசியையே சுட்டுவிட்டு, பழியை ஒரு மனிதன்மேல் போட்டவன். அவனிடம் இளவரசன் ஃபுகாபோஷி கேட்கிறான், மனிதர்கள் உனக்கு என்ன செய்தார்கள் என்று. ஒன்றும் செய்யவில்லை என்று ஹோடி பதில் சொல்கிறான். அவனுடைய வெறுப்பு அனுபவம் இல்லாத வெறும் வெறுப்பு என்று கதை தீர்ப்பளிக்கிறது. வாசகர்கள் இன்றும் அந்தப் பதிலை மிகப் பெரிய திருப்பமாகக் கொண்டாடுகிறார்கள்.

நான் கேட்கிறேன்: ஹோடி எங்கே வளர்ந்தான்? மீன்மனிதர் மாவட்டத்தில். ஒரு காலத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான பெரிய இல்லமாகக் கட்டப்பட்டு, பிறகு கைவிடப்பட்டு, சட்டம் எட்டிப்பார்க்காத சேரியாகிப்போன இடம். டைகரும் ஜின்பேயும் ஆர்லாங்கும் வளர்ந்ததும் அங்கேதான். அரண்மனையும் கடற்கன்னியர் குளமும் ஒளிரும் அதே தீவின் இருட்டு மூலை. அந்தச் சேரிக்கு அந்த ஏழு அத்தியாயங்களில் எத்தனை பக்கம்? அங்கே ஒரு பிள்ளை காலையில் எழுந்து என்ன சாப்பிட்டது, யாரைப் பார்த்து வளர்ந்தது, அரண்மனை அவர்களை எப்படி நடத்தியது? ஆங்காங்கே சில கட்டங்கள், அவ்வளவுதான். கோவாலாவின் சிரிப்புக்குக் கொடுத்த பொறுமையை ஹோடியின் தெருவுக்குக் கொடுக்கவில்லை.

கொடுத்திருந்தால் அந்த “ஒன்றும் செய்யவில்லை” என்ற பதில் எடுபட்டிருக்காது. தெருவே சாட்சியாக நின்றிருக்கும். ஒருவன் முதுகில் முத்திரை இல்லை என்பதால் அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றாகுமா? பூங்காவில் ராட்டினம் ஏற ஆசைப்பட்டுத் தூரத்தில் நின்று பார்த்துத் திரும்பும் பிள்ளைகளை அதே ஓடாதான் வரைந்தார். அது ‘ஒன்றுமில்லை’யா? அவனைச் சூழல் உருவாக்கிய அரக்கன் என்று ஃபுகாபோஷி வாயால் ஒரு வரி சொல்ல வைக்கிறார். ஆனால் சூழலை நமக்குக் காட்டாமல் சொல்கிறார். அரக்கனைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம், சூழலைக் காதால் மட்டும் கேட்டோம்.

இது ஒரு முறை நடந்த விபத்தும் இல்லை. வானோ கதையில் கொசுகி ஓடென் என்ற பிரபுவின் பழங்கதை பன்னிரண்டு அத்தியாயங்களுக்கும் மேல் ஓடுகிறது. அவருடைய சாகசம், கப்பல் பயணம், கொதிக்கும் எண்ணெய் எல்லாம் விரிவாக. அதே கதையில், தாத்தா செய்த குற்றத்துக்காக வேட்டையாடப்பட்ட குரோசுமி குலத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பெயரோடு பிறந்ததே குற்றம் என்று துரத்தப்பட்டவர்கள். ஒரோச்சி என்ற கொடுங்கோலன் அங்கிருந்துதான் வருகிறான். அவர்களுக்குக் கிடைத்தவை சில பக்கங்கள். பிறப்பால் வந்த தண்டனை என்ற கேள்வியைத் திறந்து உடனே மூடிவிட்டார். பிரபுவுக்கு நேரம் இருந்தது.

எந்த வலிக்கு எத்தனை பக்கம் என்று முடிவு செய்வதே அரசியல். கதையின் வேகம் என்பது வெறும் உத்தி என்று நினைக்காதீர்கள்.

அடுத்து டைகரின் கடைசி விருப்பம். தான் பட்டதைத் தீவில் சொல்லாதீர்கள், அடுத்த தலைமுறைக்கு வெறுப்பைக் கொடுக்காதீர்கள் என்கிறார். ஒட்டோஹிமேயும் சாகும்போது பிள்ளைகளிடம் வெறுக்காதே என்கிறார். மகள் ஷிராஹோஷிக்குத் தாயைக் கொன்றவன் யார் என்று தெரிந்தும் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்கவில்லை. கதை அந்த மௌனத்தைத் தியாகம் என்று வணங்குகிறது. அந்த மௌனத்தின் நிழலில் கொலைகாரன் படை திரட்டினான் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது!

ஜப்பானில் இந்த வாதத்துக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: தூங்கும் குழந்தையை எழுப்பாதே. தோல் வேலையும் இறந்த விலங்குகளை அகற்றும் வேலையும் சுமத்தப்பட்டுத் தீட்டுக்குரியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வருவது அது. 1871-ல் அரசாணை அந்தப் பிரிவுப் பெயர்களை ஒழித்தது. இனி அதைப் பற்றிப் பேசாமல் இருந்தாலே பாகுபாடு தானாகச் செத்துவிடும், பிள்ளைகளுக்குச் சொல்லாதே, தெரியாதவன் வெறுக்கமாட்டான் என்பது வாதம். டைகரின் விருப்பமும் ஏறத்தாழ இதுதான். ஓடா புராக்கு மக்களைத்தான் வரைந்தார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் எழுதும் நாட்டில் இந்தக் கேள்விக்கு நூறாண்டுப் பதில் ஒன்று இருக்கிறது என்கிறேன்.

1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் புராக்கு மக்கள் கூடி சுய்ஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் பிரகடனம், இரக்கப்பட்டு மேலே தூக்கிவிட வந்தவர்களின் சீர்திருத்தம் தங்களைக் கீழ்மைப்படுத்தியது என்று சொல்லி, விடுதலை தங்கள் கையால்தான் என்று அறிவித்தது. அந்தத் தொடக்க மாநாட்டில் ஒரு சிறுவன் மேடையேறிப் பள்ளியில் தான் பட்ட பாகுபாட்டைப் பேசினான். தூங்கும் குழந்தையை அவர்கள் எழுப்பவில்லை. அந்தக் குழந்தை ஏற்கெனவே விழித்திருந்தது. அதன் கையில் மேடையைக் கொடுத்தார்கள்.

மௌனம் என்ன சாதித்தது என்பதற்கும் அங்கே சாட்சி இருக்கிறது. 1975-ல் புராக்கு ஊர்களின் பெயர்ப் பட்டியல்கள் நூலாக அச்சிடப்பட்டு நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்கப்பட்டது அம்பலமானது. வேலைக்கு வருபவன் எந்த ஊர் என்று பார்த்து ஒதுக்குவதற்காக. ஒடுக்கப்பட்டவர்கள் மறக்கச் சொல்லப்பட்ட காலத்தில் ஒடுக்குபவர்கள் பட்டியல் வைத்திருந்தார்கள். பாகுபாடு இன்னும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஒரு சட்டம் வர 2016 ஆனது. அந்த மக்களின் இயக்கம் முன்னின்று 1988-ல் தொடங்கிய இமாடர் என்ற அமைப்பு, ஐ.நா. மன்றங்களில் தலித்துகளின் குரலுக்கும் துணை நிற்கிறது. நமக்கும் அவர்களுக்கும் உறவு கற்பனையில் வந்ததில்லை.

அதனால்தான் “எப்ப சண்டை வரும்?” என்ற கேள்வி என்னைக் கோபப்படுத்துகிறது. வெண்மணியைப் பேசினால் “1968-ல் நடந்ததை இன்னும் எத்தனை நாள் பேசுவீங்க” என்று கேட்பவன் வேறு ஆள், நீங்கள் வேறு ஆள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பொறுமையின்மை ஒரு பழக்கம். கதையில் பழகினால் வாழ்க்கைக்கும் வரும். ஒரு பெரியவர் தன் ஊரில் நடந்ததைச் சொல்லத் தொடங்கி, சுற்றிச் சுற்றி, அதே சம்பவத்தை மூன்று முறை சொல்லும்போது, “பாயிண்டுக்கு வாங்க ஐயா” என்று நம் வாயில் வந்துவிடும். அந்த மூன்றாவது முறையில்தான் அவர் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லப்போகிறார் என்பது அப்போது நமக்குத் தெரியாது.

மீன்மனிதர் தீவுக் கதையில் ஓடாவே சரியாகச் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம். கதையின் தொடக்கத்தில் சாஞ்சிக்கு ரத்தம் தேவைப்படுகிறது, மனிதனுக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது என்ற பழைய சட்டத்தால் தீவில் யாரும் முன்வரவில்லை. நடுவில், டைகர் மனித ரத்தம் வேண்டாம் என்று சாகிறார். கடைசியில் அடிபட்டுக் கிடக்கும் லூஃபிக்கு ஜின்பே தன் ரத்தத்தைக் கொடுக்கிறார். நடுவிலுள்ள ஃபிளாஷ்பேக்கைத் தள்ளிவிட்டவனுக்குக் கடைசிக் காட்சி ஒரு மருத்துவ உதவி. படித்தவனுக்கு அது சட்டத்தை மீறுவது, செத்துப்போன தலைவனால் முடியாததைச் செய்வது. அங்கே ஓடா யாரையும் மறக்கச் சொல்லவில்லை. எல்லாம் நினைவிருந்தும் ஜின்பே கை நீட்டுகிறார். நினைவோடு நீட்டும் கைக்குத்தான் மதிப்பு.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஒரு நீண்ட ஃபிளாஷ்பேக் வரும்போது கடிகாரத்தைப் பாருங்கள், ஆனால் வேறு விதமாகப் பாருங்கள். எத்தனை பக்கம் போயிற்று என்று எண்ணாதீர்கள். யாருக்கு எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள். பிரபுவுக்கு எத்தனை, சேரிப் பிள்ளைக்கு எத்தனை? துன்பத்துக்கு எத்தனை, அதைச் செய்தவனுக்கு எத்தனை? அழுத பிறகு கதை உங்கள் கோபத்தை யார் பக்கம் திருப்பிவிடுகிறது என்று பாருங்கள். மேலே இருப்பவனை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருக்காரன்மேல் திருப்பினால் அங்கே நிறுத்தி எழுதுங்கள், பேசுங்கள், சண்டை போடுங்கள்.

உங்களில் வரையத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். ஜீரோ பட்ஜெட்டில் வெப்காமிக் போடும் தம்பிகளும் தங்கைகளும் இருக்கிறீர்கள். ஹோடியின் தெருவை நீங்கள் வரையுங்கள். அவன் செய்த கொலையை நியாயப்படுத்த வேண்டாம். அவன் “ஒன்றும் செய்யவில்லை” என்று சொல்லும் கட்டத்துக்கு முன்னால், அந்தத் தெருவில் ஒரு நாள் காலையிலிருந்து இரவுவரை எப்படிப் போகும் என்று நாற்பது பக்கம் வரையுங்கள். யாராவது வந்து “இழுக்குற ப்ரோ, எப்ப சண்டை வரும்” என்று கேட்பார்கள். இதுதான் சண்டை என்று சொல்லுங்கள்.